சந்தையில் வாங்கிய கோழியைப் பழைய கோழிகளோடு சேர்ப்பது எப்படி?

கொல்லையில் இரண்டு வருடமாக ஏழு சிறுவிடைப் (சின்ன உருவ நாட்டுக்கோழி) பெட்டைகளும் ஒரு சேவலும் வளர்கின்றன. வாரச்சந்தையில் மூன்று வெடைக்கோழிகளை, அதாவது இன்னும் முட்டைக்கு வராத இளம் பெட்டைகளை, வாங்கி வந்து அன்று இரவே கூண்டுக்குள் விட்டிருக்கிறீர்கள். விடிந்து பார்த்தால் ஒன்றுக்குக் கொண்டை கிழிந்து ரத்தம். இன்னொன்று விறகுக் குவியலுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு தீனிக்கு வரவில்லை. "ரெண்டு மூணு நாளில் தானாகப் பழகிவிடுமா, பிரித்து வைக்கணுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. சண்டை பற்றிக் கேட்டுவிட்டீர்கள். சந்தையிலிருந்து அந்த மூன்று கோழிகளோடு வேறு என்ன வந்தது என்பதைக் கேட்கவில்லை. சண்டையில் அதிகம் போனால் ஒரு கோழி போகும். கழிச்சல் நோய் வந்தால் பதினொன்றில் எத்தனை மிஞ்சும் என்று சொல்ல முடியாது. அதனால் பிரித்துத்தான் வைக்க வேண்டும், அதுவும் இன்றைக்கே.

புதுக்கோழிகள் மூன்றையும் ஒன்றாக எடுத்துப் பழைய கூண்டிலிருந்து குறைந்தது முப்பது அடி தள்ளி, காற்று அங்கிருந்து பழைய கோழிகள் பக்கம் வீசாத இடத்தில் வையுங்கள். மாட்டுக் கொட்டகையின் மூலை, மாடிப்படிக்கு அடிப்பகுதி, வலை அடித்த பழைய கட்டில், எதுவானாலும் சரி. நிழலும் காற்றோட்டமும் இருந்து, நாயும் கீரியும் நுழையாமல் இருந்தால் போதும். தண்ணீர்ச் சட்டி, தீனித்தட்டு, துடைப்பம் எல்லாம் தனியாக இருக்கட்டும். காலையில் பழைய கோழிகளுக்குத் தீனி போட்டு முடித்த பிறகே புதியவற்றிடம் போங்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது. அங்கே போவதற்கென்று ஒரு ஜோடிச் செருப்பை ஒதுக்கிவிடுங்கள். கழிச்சல் நோய்க் கிருமி எச்சத்தில் ஒட்டிக்கொண்டு செருப்பிலேயே பயணம் செய்யும்.

கிழிந்த கொண்டையைச் சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் ரத்தம் நிற்கும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டருக்கு ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு போட்டுக் கழுவி, போவிடோன் அயோடின் தடவுங்கள். அது காய்ந்ததும் வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சளைப் புண்ணைச் சுற்றிப் பூசினால் ஈ மொய்க்காது; ஈ உட்கார்ந்தால் இரண்டே நாளில் புழு வைத்துவிடும். மஞ்சள் பூச்சினால் இன்னொரு பயனும் உண்டு, ரத்தச் சிவப்பை மறைக்கும். கோழிகளுக்குச் சிவப்பு கண்ணில் பட்டால் கொத்தும் புத்தி வரும், ஒன்று கொத்தினால் மற்றவையும் சேர்ந்துகொள்ளும். பக்கு காய்ந்து தானாக உதிரும்வரை, அதாவது ஏழு முதல் பத்து நாள், அந்தக் கோழியைப் பழையவற்றின் அருகில் விடாதீர்கள். கூடவே வந்த மற்ற இரண்டும் அந்த ரத்தத்தைக் கொத்துகின்றனவா என்றும் முதல் நாள் கவனியுங்கள். கொத்தினால் நடுவில் ஒரு வலைத் தடுப்பு போதும்.

ஓர் இரவு ஏற்கெனவே ஒன்றாக அடைந்துவிட்டனவே, இனிப் பிரித்து என்ன பயன் என்று தோன்றலாம். பயன் உண்டு. உள்ளே போகும் கிருமியின் அளவு குறையும், சண்டையால் வரும் மிரட்சி குறையும். மிரண்ட கோழிக்குத்தான் நோய் சீக்கிரம் பற்றும். ஆனால் பிரித்ததால் பழையவை தப்பித்தன என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். இரு பக்கமும் தொற்றுப் பட்டதாகவே வைத்துக்கொண்டு, அடுத்த மூன்று வாரத்துக்கு உங்கள் வீட்டிலிருந்து கோழி எதையும் விற்கவோ யாருக்கும் கொடுக்கவோ வேண்டாம்.

நம் ஊரில் முதலில் பயப்பட வேண்டியது ராணிக்கெட் என்கிற வெள்ளைக்கழிச்சல். பெயர் உத்தராகண்டில் உள்ள மலையூரின் பெயர்தான். நோய் நம் எல்லாச் சந்தைகளிலும் இருக்கிறது. கிருமி உள்ளே போன இரண்டாம் நாளிலிருந்து பதினைந்தாம் நாள்வரை எப்போது வேண்டுமானாலும் அறிகுறி தெரியலாம். பெரும்பாலும் ஐந்தாறு நாளில் தெரிந்துவிடும். வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல், இறக்கையைத் தொங்கப் போட்டுத் தூங்கி விழுவது, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, கழுத்து முறுக்கிக்கொள்வது ஆகியவை அறிகுறிகள். கொண்டை வீங்கிக் கறுத்து, ஒரே நாளில் நான்கைந்து கோழிகள் திடீரென்று செத்தால் அது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். அறுக்கவோ குப்பையில் எறியவோ செய்யாமல் கால்நடை மருந்தகத்துக்கு உடனே சொல்ல வேண்டும். சளி நோயான கொரைசா ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் காட்டிக்கொடுத்துவிடும்: முகம் வீங்கும், மூக்கில் நாற்றமுள்ள சளி ஒழுகும். அம்மைக்கு நான்கு முதல் பத்து நாள். ஆகவே தனியே வைப்பதற்கு 21 நாள் என்பது குறைந்தபட்சக் கணக்கு. இடமும் பொறுமையும் இருந்தால் முப்பது நாளாக்குங்கள்.

இந்த முப்பது நாளிலும் பிடிபடாத நோய்கள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். மைக்கோபிளாஸ்மா என்ற நாள்பட்ட சளிநோயைச் சுமக்கும் கோழி மாதக்கணக்கில் தெளிவாகவே இருக்கும். வெயில், மழை, இடமாற்றம் என்று ஏதாவது வரும்போதுதான் கொறகொறவென்று இழுக்கும். மேரெக் நோயும் அப்படித்தான், சிறகுத் தூசியில் பரவும், வெளியே தெரியாது. கையால் தூக்கிப் பார்த்து இவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு வழி இருக்கிறது, ஆனால் முழு உத்தரவாதம் இல்லை. மூன்றாவது வாரத்தில் பழைய கூட்டத்திலிருந்து ஒரே ஒரு கோழியைக் கொண்டுபோய்ப் புதியவற்றோடு இரண்டு வாரம் வையுங்கள். அது நோயில் விழுந்தால் புதியவை எதையோ சுமக்கின்றன; புதியவை விழுந்தால் சுமப்பது உங்கள் பழைய கூட்டம். இந்த இரண்டாவது வாய்ப்பை யாரும் நினைப்பதில்லை. இரண்டு வருடம் ஒரே கொல்லையில் வளர்ந்த கோழி அங்குள்ள கிருமிகளுக்குப் பழகிப்போயிருக்கும். வந்தவைதான் செத்து விழும், பழி சந்தைக்காரர்மேல் போகும்.

ராணிக்கெட் தடுப்பூசிக்கு வருவோம். எட்டு வாரம் கடந்த கோழிக்கு இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழே 0.5 மி.லி. போடுவார்கள். அரசுக் கால்நடை மருந்தகங்களில் போடுகிறார்கள். ஆண்டுதோறும் பிப்ரவரியில் இரண்டு வாரம் முகாமும் நடக்கும். ஒரு குப்பியில் நூறு கோழிக்கான மருந்து இருக்கும். கரைத்த மருந்தை ஐஸில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும் என்பதால், மூன்று கோழிக்கென்று போய்க் கேட்பதைவிடத் தெருவில் கோழி வளர்ப்பவர்களைச் சேர்த்துக்கொண்டு போவது நல்லது. பாதுகாப்பு வர இரண்டு வாரமாகும். உள்ளே கிருமி வளர்ந்துகொண்டிருக்கும் கோழியைத் தடுப்பூசி காப்பாற்றாது. எனவே இப்போது எந்தக் கோழியாவது சோர்ந்திருந்தால் நீங்களாக ஊசி போட்டுவிடாமல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் தெளிவாக இருந்தால், உங்கள் பழைய எட்டுக்கும் ஊசி போட்டு ஒரு வருடம் ஆகியிருந்தால், இரு பக்கத்துக்கும் போட்டுவிடலாம்.

தனியாக இருக்கும் நாட்களில் செய்யக்கூடிய மற்ற வேலை பேன், செல், உண்ணி பார்ப்பது. ஆசனவாயைச் சுற்றியும் இறக்கைக்கு அடியிலும் சிறகை விலக்கிப் பார்த்தால், சிறகின் அடிக்காம்பில் வெள்ளைக் கொத்தாகப் பேன்முட்டை ஒட்டியிருக்கும். மருந்து முட்டையைக் கொல்லாது. முட்டை பொரிய நான்கு முதல் ஏழு நாள் ஆகும் என்பதால், முதல் மருந்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து இரண்டாம் முறை போட வேண்டும். ஒரு தடவையோடு விட்டுவிடுவதால்தான் "மருந்து கேட்கவில்லை" என்கிறார்கள். உண்ணி வேறு மாதிரி: பகலில் கோழிமேல் இருக்காது, மூங்கில் பிளவிலும் பலகை இடுக்கிலும் பதுங்கி, இரவில் வந்து ரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். அதனால் கோழியை மட்டும் பார்த்தால் போதாது. புதியவை தங்கிய கூடை, சாக்கு எதையும் பழைய கூண்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். சாக்கை எரித்துவிடுவது உத்தமம். குடற்புழு மருந்து எடைக்கேற்ப மருத்துவர் சொல்லும் அளவில் ஒரு தடவை. மருந்து கொடுத்த பிறகு எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்றும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிச் சண்டை. கோழிகளுக்குள் ஒவ்வொன்றும் எதைக் கொத்தலாம், எதற்கு ஒதுங்க வேண்டும் என்ற வரிசை உண்டு. நார்வேயின் விலங்கியல் ஆய்வாளர் ஷெல்டெரப்-எப்பே என்பவர் 1921-22 வாக்கில் இதை எழுதினார். கொத்து வரிசை என்ற கருத்தே அவர் கோழிகளைப் பார்த்ததிலிருந்து வந்ததுதான். உங்கள் ஏழு பெட்டைகளுக்குள் அது எப்போதோ முடிவாகிவிட்டது, அதனால்தான் அமைதியாக இருந்தன. புதிதாக மூன்று வந்ததும் ஒவ்வொரு ஜோடிக்கும் கணக்கைப் புதிதாகத் தீர்க்க வேண்டியிருக்கிறது: ஏழும் மூன்றும் பெருக்கினால் 21 சந்திப்புகள். இது கட்டாயம் நடக்கும், தடுக்க முடியாது. திறந்த இடத்தில், ஓட வழியிருந்து, வயிறு நிறைந்த நேரத்தில் நடந்தால் ஒவ்வொன்றும் அரை நிமிடத்தில் முடியும். கழுத்துச் சிறகைச் சிலிர்க்கும், நெஞ்சோடு நெஞ்சு மோதும், ஒன்று தலையைத் தாழ்த்தி விலகும், அவ்வளவுதான். விலக இடமில்லாத கூண்டில், தோற்ற கோழி தோற்றதைக் காட்ட முடியாது. உங்கள் வீட்டில் ரத்தம் வந்தது அதனால்தான்.

"இரவில் கூண்டில் விட்டுவிடு, காலையில் கூடவே பிறந்ததாக நினைத்துக்கொள்ளும்" என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். நீங்களும் அதைக் கேட்டுத்தான் செய்திருப்பீர்கள். இதில் பாதி உண்மை. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, அதனால் இரவில் சண்டை இருக்காது. ஆனால் கோழிகள் ஒன்றையொன்று தலை, கொண்டை, கழுத்து ஆகியவற்றை வைத்து அடையாளம் காண்பவை. முதல் வெளிச்சத்திலேயே புது முகம் தெரிந்துவிடும். நாம் எழுந்து கதவைத் திறப்பதற்குள் ஒரு மணி நேரம் அடைபட்ட இடத்தில் அடிதடி நடந்து முடிந்திருக்கும். இரவு முறை நம்பகமாக வேலை செய்வது ஓரிடத்தில்தான்: அடைக்கோழியின் அடியில் பொரித்து ஓரிரு நாளே ஆன குஞ்சுகளை நுழைக்கும்போது. வளர்ந்த கோழிகளை அப்படிச் சேர்த்தால் அது கண்ணாமூச்சி ஆட்டம்தான்.

நம்பலாம் என்று சொல்லக்கூடிய முறை, தனிமை முடிந்த பிறகு வலைக்கு இருபுறமும் வைத்துப் பழக்குவது. பழைய கூண்டோடு ஒட்டினாற்போல் அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ்ஷால் ஒரு தடுப்பு போடுங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் கண் இருந்தால் அலகு நுழைந்து கொண்டையைப் பிடிக்கும். இரு பக்கத் தீனித் தட்டுகளையும் முதல் இரண்டு நாள் வலையிலிருந்து மூன்றடி தள்ளி வைத்து, தினமும் நெருக்கி, ஐந்தாம் நாள் வலையை ஒட்டி வையுங்கள். பக்கத்தில் நின்று சண்டைக்குப் போகாமல் கொத்தித் தின்கிற நிலை வந்தால் பழகிவிட்டன. பொதுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். வலை அடிக்க வசதியில்லாதவர்கள் பகலில் இரண்டு மூன்று மணி நேரம் புதியவற்றைப் பஞ்சாரத்தில் கவிழ்த்துப் பழையவை மேயும் இடத்தில் வைக்கலாம். நிழலில், உள்ளே தண்ணீரோடு. காலில் கயிறு கட்டி முளையடித்து வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். கட்டிய கோழியால் ஓட முடியாது, அடிக்கிற கோழிக்கு அது தெரியவும் தெரியாது.

கலக்கும் நாளில், சாயங்காலம் அடைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு எல்லாவற்றையும் வெளியே மேய விடுங்கள். புதியவற்றை முன்னதாகவே விட்டு, பழையவை பிறகு வரட்டும். கம்பையோ குருணையையோ வைக்கோல்மேல் பரவலாக இறைத்தால் கிளறுவதிலேயே கவனம் இருக்கும். அகத்திக்கீரைக் கட்டு இரண்டைத் தலை உயரத்தில் தூரம் தூரமாகத் தொங்கவிடுங்கள். பழைய தென்னங்கீற்று, சாய்த்து வைத்த பலகை என்று ஒளிய நாலைந்து இடம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல் இருக்க வேண்டும், ஒற்றை வாசல் இருந்தால் அதுவே பொறி. உங்கள் விறகுக் குவியலின் பின்புறம் அப்படி ஒரு பொறிதான். இருட்டியதும் புதியவற்றைத் திரும்ப வலைக்குப் பின்னால் அடைத்துவிடுங்கள். நான்கைந்து சாயங்காலம் இப்படிப் போய், துரத்தல் குறைந்த பிறகு ஒரே கூண்டில் அடையட்டும். முதல் ஒரு வாரம் விடியும்போதே கதவைத் திறந்துவிட வேண்டும். இந்த ஒழுங்கு கைகூடிவிட்டால் மீதியெல்லாம் இடமும் தட்டும்தான்.

தட்டு என்று சொன்னது காரணத்தோடு. ஆதிக்கம் செய்யும் கோழி கொத்துவது பெரும்பாலும் தீனித் தட்டின் முன்னால்தான். பதினொரு கோழிக்கு மூன்று தட்டு, இரண்டு தண்ணீர்ச் சட்டி, ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றொன்று மறையும்படி வையுங்கள். நீளத் தட்டானால் கோழிக்கு நான்கு அங்குலம் கணக்கு. அடையும் கொம்பில் கோழிக்கு எட்டுப் பத்து அங்குலம் வேண்டும். இரண்டு கொம்புகளையும் ஒரே உயரத்தில் கட்டுங்கள், உயரம் மாறினால் மேல் கொம்புக்குச் சண்டை வரும். கூண்டுத் தரை கோழிக்கு இரண்டு சதுர அடிக்குக் குறையக் கூடாது; சேர்க்கும் மாதத்தில் நான்கு இருந்தால் நல்லது. உங்கள் கூண்டு ஆறுக்கு மூன்றடி என்றால் பதினெட்டுச் சதுர அடி. பதினொன்றுக்கு அது போதாது, எத்தனை பழக்கினாலும் தீராது. முட்டைக்கோழித் தீவனம் போடுபவராக இருந்தால் இன்னொரு சங்கடம்: அதில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை முதல் நான்கு சதவீதம் இருக்கும், முட்டைக்கு வராத வெடைக்கோழியின் சிறுநீரகத்துக்கு அது ஆகாது. எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனம் கொடுத்து, கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வைத்தால் முட்டையிடுபவை மட்டும் தேடிப் போய்த் தின்னும்.

எப்போது தலையிடுவது? துரத்தல், ஒரு கொத்து, சிறகு பறப்பது, இவற்றில் கை வைக்காதீர்கள். பாதியில் பிரித்தால் நாளை முதலிலிருந்து ஆரம்பிக்கும். ரத்தம் வந்தாலோ, கீழே படுத்த கோழியின்மேல் ஏறி நின்று கொத்தினாலோ, இரண்டு மூன்று சேர்ந்து ஒன்றை அடித்தாலோ உடனே பிரித்துவிடுங்கள். பெரும்பாலும் பிரச்சினை ஒரே ஒரு பழைய பெட்டையிடம்தான் இருக்கும். அடிபடுகிற கோழியைத் தூக்காமல் அடிக்கிற கோழியைத் தூக்கி, மற்றவை கண்ணில் படாத இடத்தில் நான்கைந்து நாள் வையுங்கள். திரும்பி வரும்போது அதுவே அந்நியம் மாதிரி ஆகி, வீராப்பு குறைந்திருக்கும். இதே காரணத்தால், வைத்தியத்துக்காக இரண்டு மூன்று வாரம் தனியே வைத்த உங்கள் சொந்தக் கோழியையும் புதுக்கோழியாகவே நினைத்துச் சேர்க்க வேண்டும்.

சேவல் இருப்பது உங்களுக்கு நல்லதுதான்; பெட்டைச் சண்டைக்கு நடுவே போய் நிற்கிற சேவல்கள் உண்டு, எல்லாச் சேவலும் அப்படி என்று சொல்ல மாட்டேன். வாங்கிய மூன்றில் ஒன்று சேவலாகத் திரும்பினால் கதை வேறு. பழைய சேவல் இருக்கும் இடத்தில் அதை வைக்காதீர்கள். சண்டைக்கோழி இனமான பெருவிடையின் ரத்தம் கலந்திருந்தால் பெட்டைகளே விடாமல் அடித்துக்கொள்ளும். அப்போது மேலே சொன்ன நாள்கணக்கை இரட்டிப்பாக்குங்கள், அப்படியும் ஒத்துவராமல் போகலாம். நிறம் வேறாக இருந்தால் அதிகம் கொத்து வாங்கும் என்பார்கள். வெள்ளையோ கருங்கோழியோ தனித்து ஒன்றாக வந்தால் அப்படி நடப்பதைப் பார்க்கலாம், நிறம்தான் காரணமா தனியாக வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். மூன்றாக வாங்கியது நல்ல வேலை. ஒற்றைக் கோழியை ஏழோடு சேர்ப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்.

வயதையும் ஒருமுறை பாருங்கள். பதினாறு வாரத்துக்குக் குறைந்தவை என்றால் உருவம் பழையவற்றின் முக்கால் பங்குக்கு வரும்வரை வலைக்குப் பின்னாலேயே வளரட்டும், அவசரமில்லை. குஞ்சோடு திரியும் தாய்க்கோழி இருக்கும்போதும், கத்திரி வெயிலிலும், ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும் கலக்கும் வேலையைத் தள்ளிப்போடுங்கள். கலந்த பிறகு இரண்டு வாரம் முட்டை குறையலாம். அது நோயென்று பயப்பட வேண்டாம்.

கலந்த பிறகு வாரம் ஒருமுறை, இருட்டியதும் கொம்பில் இருக்கும்போது புதியவற்றின் நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள், காதை அருகில் வைத்து மூச்சில் இழுப்பு கேட்கிறதா என்றும் கவனியுங்கள். இரைப்பை நிறைந்து, எலும்பின் இரு பக்கமும் சதை இருந்தால் பகலில் துரத்தப்பட்டாலும் கவலையில்லை. எலும்பு கத்தி மாதிரி கையில் தட்டினால், தொங்கு தராசில் எடை பத்தில் ஒரு பங்கு இறங்கியிருந்தால், அது தீனிக்கே வர விடப்படவில்லை. அந்த ஒன்றை மறுபடி வலைக்குப் பின்னால் எடுத்து, கூடத் துணைக்குப் பழையவற்றில் சாதுவான ஒரு பெட்டையைப் போட்டுப் பத்து நாள் வைத்து, இரண்டையும் சேர்த்தே திரும்ப விடுங்கள்.